மும்பையா, ரியாத்தா, சியோலா: குமரி மாவட்டத்துப் பையன் எந்த டீமுக்குக் கையெழுத்துப் போடலாம்?

என் அக்கா மகனுக்கு 19 வயது. வீடு மார்த்தாண்டம் பக்கம், படிப்பு இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. நாலு வருடமாக வாலரண்ட் என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறான். தோற்ற மேட்சைத் திரும்பப் போட்டுப் பார்த்து, எங்கே தப்பு நடந்தது என்று நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் அதைச் சரிசெய்து ஆடுகிற பிள்ளை. போன மாதம் ஒரே சமயத்தில் மூன்று இடத்திலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. மும்பையில் ஒரு இந்திய டீம், ஆறு மாத பூட்கேம்ப், அதாவது டீமோடு ஒரே வீட்டில் தங்கிப் பயிற்சி, தங்குமிடம் சாப்பாட்டோடு மாதம் 25,000 ரூபாய். ரியாத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு டீம், மாதம் 3,000 ரியால், நம் பணத்தில் எழுபதாயிரத்துக்குப் பக்கம். மூன்றாவது, சியோலில் தங்கிப் பயிற்சி எடுக்கும் ஒரு டீம், மூன்று வாரம் ட்ரையல் மட்டும், சம்பளம் பற்றி அப்புறம் பேசலாம் என்றார்கள்.

அக்கா எனக்கு போன் போட்டு, "தம்பி, எனக்கு இதுல ஒண்ணும் பிடிபடல, நீதான் ஒரு காலத்துல கேம் கடை வச்சிருந்தவன், பாத்துச் சொல்லு" என்றாள். நாகர்கோவிலில் நான் எட்டு வருடம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன், சாயங்காலம் ஆனால் பையன்கள் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட வந்துவிடுவார்கள், அந்த அனுபவம்தான் எனக்கு. ஆனால் டீமில் சேர்ந்து சம்பளத்துக்கு ஆடுவது வேறு உலகம். ஒரு மாதமாக விசா விதிகள், கான்ட்ராக்ட், வெளிநாடு போய் ஆடியவர்களின் கதை என்று படித்ததையும் விசாரித்ததையும் இங்கே வைக்கிறேன். நம் மாவட்டத்தில் இதே குழப்பத்தில் இன்னும் சில வீடுகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அத்தான் முதல் நாளே கேட்டது இதைத்தான்: "ஆன்லைன் கேமை கவர்மென்ட் தடை பண்ணியாச்சே?" தடை செய்தது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் ரம்மி மாதிரி பணம் வைத்து ஆடுவதை மூடியது, அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது இவனைப் போல் கேமைப் போட்டியாக ஆடுவதை, தனியாகப் பிரித்து விளையாட்டு என்று அங்கீகரித்தது. அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், இ-ஸ்போர்ட்ஸ் மத்திய விளையாட்டுத் துறையின் பொறுப்புக்குள் வந்துவிட்டது. 2022-க்கான ஆசிய விளையாட்டுப் போட்டி ஒரு வருடம் தள்ளி 2023-ல் ஹாங்சோவில் நடந்தபோது இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஆக, பையன் தப்பான சோலிக்குப் போகவில்லை. எங்கே போகிறான், எந்தக் காகிதத்தோடு போகிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பேச்சு

சம்பளத்தை வைத்துப் பார்த்தால் ரியாத், பெயரை வைத்துப் பார்த்தால் சியோல். அவனும் அப்படித்தான் பார்த்தான். நான் மூன்றையும் முதலில் வேறொன்றை வைத்துப் பார்த்தேன்: அந்த டீமில் ஆடும்போது என்ன மொழியில் பேசுகிறார்கள்?

வாலரண்ட் தெரியாதவர்களுக்காக: ஐந்து பேர் ஐந்து பேரோடு மோதும் ஆட்டம், ஒரு ரவுண்ட் 100 நொடி, முதலில் 13 ரவுண்ட் ஜெயித்த டீம் வெற்றி. இவன் ஆடுவது கன்ட்ரோலர், அதாவது புகை போட்டு எதிராளியின் பார்வையை மறைப்பவன். மற்ற நாலு பேர் எப்போது உள்ளே நுழைகிறார்கள் என்பது இவன் புகையை வைத்துத்தான். அதனால் நுழைவதற்கு இரண்டு நொடிக்கு முன்னால் சொல்ல வேண்டும், கேட்க வேண்டும், நடுவில் திட்டம் மாறினால் அதையும் பிடித்துக்கொள்ள வேண்டும். நேராகச் சுட்டுக்கொண்டே முன்னால் ஓடுகிற டூயலிஸ்ட் என்றால் கொஞ்சம் மொழி குறைந்தாலும் கைவேகத்தில் சமாளிக்கலாம். கன்ட்ரோலருக்கு அந்த வசதி கிடையாது.

இடத்தின் பெயர்கள் எல்லா ஊரிலும் ஆங்கிலம்தான், ஏ மெயின், மிட், ஹெவன் என்று. அதைக் கேட்டுவிட்டு மொழி பெரிய விஷயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் "அவன் திரும்பிப் போன மாதிரி நடிக்கிறான், நம்பாதே, கொஞ்சம் பொறு" என்பதை அரை நொடியில் எந்த மொழியில் சொல்வீர்கள்? மனிதன் பதற்றத்தில் அம்மா பேசிய மொழிக்குத்தான் போவான். மும்பை டீமில் அது இந்தி. மார்த்தாண்டத்துப் பையனுக்கு "ருக்கோ" (நில்) என்றால் தெரியும், "பீச்சே" (பின்னால்) என்றால் யோசித்துத் தெரியும், மூன்று பேர் ஒரே நேரத்தில் வேகமாக இந்தியில் கத்தினால் ஒன்றும் தெரியாது. வெளிநாட்டு வீரன் படும் முதல் கஷ்டத்தை நம் பிள்ளை பாஸ்போர்ட் எடுக்காமலே மும்பையில் படுவான். சென்னையில் வளர்ந்து கூடவே வடக்கத்திப் பிள்ளைகளோடு படித்தவனுக்கு இது அவ்வளவு இருக்காது, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருக்கும்.

மொழி கலந்த டீம் எவ்வளவு தூரம் கெடும் என்பதற்கு ஷாங்காய் டிராகன்ஸைச் சொல்வார்கள். ஓவர்வாட்ச் என்ற இன்னொரு சுடும் ஆட்டத்தின் லீக், முதல் சீசன், 2018. 40 மேட்ச் ஆடி 40-லும் தோற்றார்கள். சீசன் நடுவில் கொரிய வீரர்களை எடுத்தார்கள், விசா தாமதமாகி அவர்கள் வந்து சேரவே நாளாயிற்று, வந்தபின் சீனம் பேசுகிறவர்களும் கொரியன் பேசுகிறவர்களும் ஒரே அணி. தோல்விக்கு மொழி மட்டும் காரணமில்லை, பயிற்சி முறையிலும் கோளாறு இருந்தது. ஆனால் அதே அமைப்பு 2021-ல் கொரிய வீரர்களை வைத்து ஆடிப் பட்டம் வென்றது.

இதற்கு நேர் எதிராகவும் உண்டு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற இன்னொரு ஐவர் ஆட்டத்தில் ரூக்கி என்ற கொரிய வீரர் 2014 கடைசியில் சீனாவுக்குப் போனார். போனவர் சீன மொழியைச் சரளமாகப் பேசும் அளவுக்குக் கற்றுக்கொண்டார், 2018-ல் இன்விக்டஸ் கேமிங் உலகப் பட்டம் வென்றபோது அந்த அணியின் நடுத்தூண் அவர்தான். சிங்கப்பூரின் பேப்பர் ரெக்ஸ் என்ற வாலரண்ட் டீம் வேறு வழியில் போனது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், ரஷ்யா என்று ஆளுக்கொரு ஊர், பொதுவில் ஆங்கிலம். அந்த டீம்தான் 2025-ல் டொராண்டோவில் நடந்த மாஸ்டர்ஸ் என்ற உலகப் போட்டியின் பட்டத்தைத் தூக்கியது. டீமில் உள்ள எல்லாருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி என்றால் எல்லாரும் சிறு சொல்லில், தெளிவாகப் பேசுவார்கள், அதில் நம் பையன் நிற்க முடியும். நாலு பேருக்குத் தாய்மொழி ஒன்றாக இருந்து இவன் மட்டும் வெளியே என்றால் கஷ்டம் இவனுக்கு மட்டும்தான்.

சியோலில் இருந்து அழைத்த டீம் பேப்பர் ரெக்ஸ் வகை. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் வீரர்கள், பொதுவில் ஆங்கிலம். பேச்சு விஷயத்தில் மூன்றிலும் அதுதான் முதல். ரியாத் டீமில் மூன்று பேர் அரபு, ஒருவர் எங்கிருந்து என்றே சொல்லவில்லை.

ரியாத்: நமக்குத் தெரிந்த கதை

வளைகுடாவில் இ-ஸ்போர்ட்ஸ் பணம் இருப்பது உண்மை. சவுதி அரசு முதலீட்டு நிதியின் சாவி கேம்ஸ் (Savvy Games) நிறுவனம் 2022-ல் கேம் போட்டிகள் நடத்தும் இஎஸ்எல், ஃபேஸிட் நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்து 150 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-ல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையின் மொத்தப் பரிசு 6 கோடி டாலருக்கு மேல், 2025-ல் 7 கோடிக்கு மேல். அந்த ஆண்டு செஸ்ஸையும் உள்ளே சேர்த்து, நம் அர்ஜுன் எரிகைசி நாலாவது இடம் பிடித்தார். சம்பளத்துக்கு அங்கே வருமான வரியும் கிடையாது. திருவனந்தபுரத்தில் ஏறினால் நேராக வளைகுடாவில் இறங்கலாம், சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, தெருவுக்கு ஒரு மலையாளி, குமரிக்காரனுக்கு மலையாளம் தெரியாமலா இருக்கும். இத்தனையும் எழுதிப் பார்த்தபோது எனக்கே ரியாத் நல்லதாகத் தோன்றியது.

அப்புறம் அவன் வாட்ஸாப்பைக் காட்டினான். "விசிட் விசாவில் வந்துவிடு, வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம். மேனேஜர் கமிஷன் முதல் இரண்டு மாதச் சம்பளம்."

பக்கத்தில் நின்ற அக்கா அதைப் படித்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "விசிட் விசாவா? வேண்டாம் மக்கா."

அவளுக்கு வாலரண்ட் தெரியாது. ஆனால் அத்தான் 11 வருடம் தம்மாமில் இருந்தவர், தெருவில் பாதி வீடு வளைகுடாப் பணத்தில் எழும்பியது, அதில் இரண்டு வீடு விசிட் விசாவில் போய் வேலை பார்த்து மாட்டித் திரும்பியவர்களுடையது. தூத்தூர், வள்ளவிளை, குளச்சல் பக்கம் கேட்டுப் பாருங்கள், அரபு முதலாளியிடம் படகில் ஏறிய ஒவ்வொரு மீனவர் வீட்டிலும் ஒரு கான்ட்ராக்ட் கதை இருக்கும். 2020-ல் கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கிக்கொண்டவர்களை ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸில் ஏற்றி ஜூலை 1-ந்தேதி தூத்துக்குடியில் இறக்கியது, 687 பேர், நம் மாவட்டத்து மீனவர்கள் அதில் ஏராளம். மாதக்கணக்கில் வருமானம் இல்லாமல், திரும்பும் வழி தெரியாமல் கிடந்தார்கள். அந்த வீடுகள் அன்று கற்றதை இன்று கம்ப்யூட்டர் முன் உட்காரும் பிள்ளைக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கலாம், வேலைதான் வேறு, காகிதம் அதேதான்.

விசிட் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்வது அங்கே சட்டப்படி குற்றம். டீம் சம்பளம் தரவில்லை என்றால் புகார் கொடுக்கப் போகும் நாளே இவன் குற்றவாளி ஆகிறான். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. படித்த பிள்ளைக்கு நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அதன் பொருள், அவன் கான்ட்ராக்டை நம் அரசு அலுவலகம் எதுவும் ஒருமுறைகூடப் பார்க்காது என்பது. கூலி வேலைக்குப் போகும் பத்தாவது தேறாதவருக்கு இருக்கும் அந்தச் சின்னப் பாதுகாப்பு இவனுக்கு இல்லை. கமிஷன் விஷயமும் அப்படித்தான். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். இந்த 'மேனேஜர்' கேட்டது ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம், எங்கும் பதிவு இல்லை.

வேலை விசா, சம்பளம் எழுதிய கான்ட்ராக்ட், பாஸ்போர்ட் இவன் கையில், திரும்பும் டிக்கெட் டீம் செலவில். இந்த நாலும் எழுத்தில் வந்தால் ரியாத்தைத் திரும்ப யோசிக்கலாம் என்று பதில் அனுப்பச் சொன்னேன். இரண்டு வாரம் ஆயிற்று, பதில் இல்லை.

சியோல்

இவனுக்கு மனதெல்லாம் இங்கேதான். நியாயம்தான், வாலரண்டின் பசிபிக் லீக் 2023-ல் தொடங்கியதிலிருந்து சியோல்தான் அதன் ஊர். ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, எல்லா நாட்டு அணியும் அங்கே போய் ஆடுகிறது, இந்தியாவின் குளோபல் இ-ஸ்போர்ட்ஸும் அங்கேதான் போனது. நல்ல எதிராளியோடு தினமும் மோதினால் ஆறு மாதத்தில் ஏறுகிற ஏற்றம் இங்கே மூன்று வருடத்திலும் வராது. இதில் எனக்கும் அவனுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. 2023 கடைசியில், லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஐரோப்பாவின் பெரிய நட்சத்திரமாக இருந்த ஸ்வீடன் வீரர் ரெக்கிள்ஸ், 27 வயதில், டி1 என்ற கொரிய அமைப்பின் அகாடமி அணியில் சேரக் கொரியா போனார், முதன்மை அணியில்கூட இல்லை. அந்தப் பயிற்சிக்கு அவ்வளவு மதிப்பு.

சிரமம் என்ன? விசா முதலில். கொரியாவில் சம்பளத்துக்கு ஆட இ-6 என்ற வகை, கலைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் உள்ளது. அது ஒரு டீமோடு கட்டப்பட்டது. டீம் விட்டுவிட்டால் வேறு டீமுக்கு அப்படியே நடந்துபோக முடியாது, அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். விசா எவ்வளவு பெரிய ஆளையும் படுத்தும்: பேப்பர் ரெக்ஸில் 'சம்திங்' என்ற பெயரில் ஆடும் ரஷ்ய வீரர், 2023 டோக்கியோ மாஸ்டர்ஸுக்கு விசா சிக்கலால் போக முடியவில்லை, மாற்று வீரரை வைத்து ஆடி டீம் மூன்றாவது இடம் வந்தது. உலகின் முன்னணி டீம், பெரிய லீக், முன்கூட்டியே தெரிந்த தேதி, அப்படியிருந்தும் நடந்தது. நம் பையனுக்காக யார் ஓடுவார்கள்?

அப்புறம் வாழ்க்கை முறை. மத்தியானம் ஒரு சுற்று ஸ்க்ரிம், அதாவது வேறு டீமோடு பயிற்சி மேட்ச், சாயங்காலம் ஒரு சுற்று, இரவு தனியாக ராங்க் ஆடுவது, படுக்கும்போது விடிகாலை இரண்டு மூன்று மணி. 10, 12 மணி நேரம் சாதாரணம். பெரியவர் சின்னவர் மரியாதை நமக்குப் புதிதல்ல, அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன் அங்கேயும் பிழைத்துக்கொள்வான். குளிர்தான் புதிது. வருடம் முழுக்க வியர்க்கிற ஊரில் பிறந்தவன் ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் ஊரில் விரல் விறைக்காமல் மவுஸ் பிடிக்க வேண்டும். சாப்பாட்டில் அரிசியும் மீனும் உண்டு, மரச்சீனியும் மீன்கறியும் கிடைக்காது, முதல் மாதம் அதற்கே பிள்ளை ஏங்கிப் போவான். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள், ஆட்டம் சரியில்லாத வாரத்தில் சாப்பாடும் பிடிக்காமல் போனால் அந்த வாரம் இரண்டு மடங்கு நீளம்.

உடம்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீனாவின் உஸி, லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் உலகம் கொண்டாடிய வீரர், 2020 ஜூனில் ஓய்வை அறிவித்தபோது வயது 23. டைப் 2 நீரிழிவு, கை வலி. பின்னால் திரும்பி வந்து ஆடினார் என்றாலும் 23 வயதில் அந்த அறிக்கை எழுதவேண்டி வந்தது. எந்த டீமிடமும் கேளுங்கள்: மருத்துவக் காப்பீடு உண்டா, மணிக்கட்டுக்குப் பிசியோ யார் பார்ப்பார்? சியோல் டீம் இதற்கு உடனே, தெளிவாகப் பதில் சொன்னது. மும்பை டீம் "பார்த்துக்கொள்ளலாம்" என்றது.

ஜெர்மனி, அமெரிக்கா, மற்றவை

பெர்லின் அவனுடைய கனவு. ஜெர்மனியில் 2020 மார்ச்சிலிருந்து இ-ஸ்போர்ட்ஸ் வீரர்களுக்கென்றே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 16 வயது ஆகியிருக்க வேண்டும், அங்குள்ள இ-ஸ்போர்ட்ஸ் சம்மேளனம் தொழில்முறை ஆட்டம் என்று உறுதிசெய்ய வேண்டும், சம்பளம் ஓய்வூதியக் கணக்கின் உச்சவரம்பில் பாதியாவது இருக்க வேண்டும். 2025 கணக்கில் அந்த வரம்பு மாதம் 8,050 யூரோ, பாதி 4,025 யூரோ. புதுப் பையனுக்கு எந்த டீமும் அவ்வளவு தராது, அதனால் இப்போதைக்கு அந்தக் கதவு மூடியது. ஆனால் விதி நல்ல விதி. குறைந்த கூலிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் அறையில் அடைத்து ஆடவிடுவதை அது தடுக்கிறது. இரண்டு மூன்று வருடம் பெயர் எடுத்தபின் யோசிக்க வேண்டிய ஊர்.

அமெரிக்காவில் விளையாட்டு வீரருக்கான பி-1ஏ (P-1A) விசாவை 2013-லேயே ஒரு கேமருக்குக் கொடுத்தார்கள், ஆனால் சர்வதேச அளவில் சாதித்ததற்குச் சான்று காட்ட வேண்டும், சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளம் வாங்க முடியாது. பரிசுப் பணத்தில் பொதுவாக 30 சதவீதம் வரி பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் மாதிரி ஆட்டங்களில் ஒரு அணியின் ஐந்து பேரில் வெளிப் பிராந்தியத்தார் இரண்டு பேர்தான் ஆடலாம் என்ற விதி வேறு, அந்த இரண்டு இடத்துக்குக் கொரியர்களோடு போட்டி போட வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா பக்கம் என்றால் தமிழே காதில் விழும், திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானமும் உண்டு. ஆனால் அங்கே பெரிய ஆட்டம் மொபைல் லெஜண்ட்ஸ், அது 2020 ஜூனில் இந்தியாவில் தடையான 59 செயலிகளில் ஒன்று. நம் பிள்ளைகள் பழகவே வழியில்லாத ஆட்டம். மொபைல் ஆட்டக்காரர்கள் இதையும் மனதில் வையுங்கள்: பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் போனது, பிஜிஎம்ஐ என்று 2021-ல் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி எடுத்தார்கள், 2023 மே மாதம் திரும்பியது. அந்தப் பத்து மாதம் டீம்களில் இருந்த பிள்ளைகள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

வீட்டிலிருந்தே ஆடலாமே என்று அத்தான் கேட்டார். மும்பை சர்வருக்கு எங்கள் வீட்டு பிங், அதாவது தகவல் போய்வர ஆகும் நேரம், 40 மில்லி நொடியை ஒட்டி, மழைக்காலத்தில் அதுவும் நிற்பதில்லை. நமக்கோ இரண்டு பருவமழை. 2017-ல் ஒக்கி அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, அந்த அளவு வேண்டாம், ஒரு மேட்ச் நடுவில் ஐந்து நிமிடம் போனால் போதும், டீம் தோற்கும். தொடங்குவதற்கு வீடு போதும். அவன் வந்திருக்கும் கட்டத்துக்குப் போதாது.

நான் எங்கே வந்து நின்றேன்

முதலில் மும்பை. இதை அவன் ஒத்துக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. "மாமா, சியோல்ல கூப்பிட்டவங்கள விட்டுட்டு யாராவது மும்பை போவாங்களா?" என்று கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே வலித்துக் கேட்டான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

என் காரணங்களைச் சொன்னேன். சியோல் டீம் மூன்று வாரம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால், அவன் கையில் ஒன்றுமில்லாமல் ஐந்தாம் செமஸ்டரில் அரியரோடு வந்து நிற்பான், மும்பை இடமும் போயிருக்கும். மும்பையில் சேர்ந்து இந்தியப் போட்டிகளில் ஆடிப் பெயர் பதிந்தபின் போனால், இ-6 விசாவுக்குக் காட்டவும் ஏதாவது இருக்கும், சம்பளம் பேசவும் கால் ஊன்ற இடம் இருக்கும். டீம் வீட்டில் அம்மா இல்லாமல், அடுத்தவன் மொழியில், தோற்ற நாளில் எப்படித் தூங்குவது என்பதை ரயிலில் திரும்பி வரக்கூடிய ஊரில் முதலில் பழகட்டும். இன்னொரு வசதி, மும்பை டீமோடு வீட்டிலிருந்தே ஸ்க்ரிம் ஆடிப் பார்க்கலாம், பிங் அதற்கு இடம் கொடுக்கிறது. சியோலுக்கு இங்கிருந்து அது முடியாது. கேட்டோம், ஒரு வாரம் ஆடவிட்டார்கள். முதல் இரண்டு நாள் இந்தியில் தொலைந்துபோனான். மூன்றாம் நாள் கோச் அவனுக்காக முக்கியமான சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி மற்றவர்களைப் பழக்கினார். அந்த ஒரு செயலை வைத்துத்தான் எனக்கு அந்த டீம் மேல் நம்பிக்கை வந்தது, 25,000 ரூபாயை வைத்து அல்ல.

ஆனால் கான்ட்ராக்டை அப்படியே ஏற்கவில்லை. அவனை வேறு டீம் எடுக்க வேண்டுமென்றால் அது மும்பை டீமுக்குக் கட்ட வேண்டிய தொகை, பைஅவுட் என்பார்கள், அதில் 20 லட்சம் என்று போட்டிருந்தது. 25,000 சம்பளக்காரனுக்கு 20 லட்சம் என்றால் அது பூட்டு. நாளைக்கு சியோல் திரும்பக் கூப்பிட்டால் அந்தப் பணத்தை யார் கட்டுவார்கள்? மூன்று திருத்தம் கேட்டோம். பைஅவுட்டை ஒரு வருடச் சம்பளத்துக்குள் கொண்டுவருவது, வெளிநாட்டு ட்ரையலுக்கு வருடத்தில் மூன்று வாரம் விடுவது, யார் கான்ட்ராக்டை முறித்தாலும் ஊர் திரும்பும் செலவு டீமுடையது. அதோடு பரிசுப் பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், வாரம் எத்தனை மணி நேரம் டீமுக்காக ஸ்ட்ரீம் செய்ய வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னோம். 18 ஆகாத பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், நம் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. அதை வைத்து டீம்களும் நழுவலாம். எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கல்லூரியில் ஒரு வருடம் நிறுத்திவைக்க மனு கொடுத்திருக்கிறான், படிப்பை விடவில்லை. அதில் அக்கா ஒரு அடியும் இறங்கி வரவில்லை, அவள் சொன்னது சரி.

சியோல் டீமுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினோம், ஆறு மாதம் கழித்து ட்ரையலுக்கு வர விருப்பம், அப்போது இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று. கோச் நல்ல மாதிரியாகப் பதில் போட்டார், கூடவே அவனுடைய ஆட்டத்தில் திருத்த வேண்டிய இரண்டு விஷயத்தையும் எழுதியிருந்தார். அதை அவன் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறான்.

இப்போது சாயங்காலமானால் எதிரே கட்டடம் கட்டுகிற பீகார்ப் பையன்களோடு உட்கார்ந்து இந்தி பேசுகிறான். அக்கா அவர்களுக்கும் சேர்த்துக் கட்டன்சாயா போடுகிறாள். மும்பை டீம் முதல் இரண்டு திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டது, திரும்பும் செலவு மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது. அடுத்த வாரம் நாகர்கோவில்–மும்பை எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன், அவனுக்கு, அக்காவுக்கு, எனக்கு. பூட்கேம்ப் வீட்டில் எத்தனை பேர் ஒரு அறையில், சாப்பாடு யார் செய்கிறார், ஜன்னல் இருக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டுமாம். பார்த்தபின்தான் கையெழுத்து.